மவுண்ட் ரோட்டின் கடைகளும் தியேட்டர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மவுண்ட் ரோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பேர் இரண்டு ஊரைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவருக்கு அது ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ், வெள்ளைக்காரர் காலக் கடைகள். இன்னொருவருக்கு அது சாந்தி, சபையர், தேவி, கியூவில் நின்ற மதியங்கள். இரண்டும் ஒரே கதை என்பது என் கட்சி. கடை தியேட்டரானது, தியேட்டர் தபால் நிலையமானது, கிளப் பத்திரிகை அலுவலகமானது, அதுவே பிறகு ஷாப்பிங் மால் ஆனது. நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மவுண்ட் ரோடும் அண்ணா சாலையும் ஒன்றுதானா?

ஒன்றுதான். தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலை அருகே தொடங்கி, கூவத்தைத் தாண்டி, பரங்கிமலை நோக்கிக் கத்திப்பாரா வரை சுமார் 15 கிலோமீட்டர் ஓடுகிற சாலை. முதலமைச்சர் அண்ணா 1969இல் மறைந்த பிறகு அவர் பெயரைப் பெற்றது. ஆனால் சினிமாவுக்கோ கடைவீதிக்கோ போவதாக ஒருவர் சொன்னால், அவர் நினைப்பது சிம்ப்சனிலிருந்து ஜெமினி வரையிலான சில கிலோமீட்டர்தான். சைதாப்பேட்டையும் கிண்டியும் அதே சாலையில்தான் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர் யாரும் தம்மை மவுண்ட் ரோட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இந்தப் பக்கத்திலும் அந்தத் துண்டையே எடுத்துக்கொள்கிறேன். அதோடு அதிலிருந்து பிரியும் பிளாக்கர்ஸ் ரோடு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு, ரிச்சி தெரு ஆகியவையும் சேரும்.

கடற்கரைப் பக்கம் ஜார்ஜ் டவுன் இருக்கும்போது கடைகள் ஏன் இங்கே வந்தன?

ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரத்தின் ஊர். துறைமுகம், கிடங்கு, கணக்குப்பிள்ளை, மூட்டை எல்லாம் அங்கே. கம்பெனி அதிகாரிகளும் வெள்ளை வியாபாரிகளும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கோட்டையை விட்டு வெளியேறி, தெற்கேயும் மேற்கேயும் பெரிய தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். காலையில் கோட்டைக்கும் மாலையில் வீட்டுக்கும் அவர்களுடைய வண்டிகள் போன வழி மவுண்ட் ரோடு. வண்டி வைத்திருப்பவர் வழியில் நிறுத்தி என்ன வாங்குவாரோ அதை விற்கும் கடைகள் அந்த வழியில் முளைத்தன: கடிகாரம், நகை, புத்தகம், மருந்து, பியானோ, சுருட்டு, கடைசியாக அந்த வண்டியே.

ஆகவே இது சந்தையாக வளர்ந்த தெரு அல்ல. இடமும் தாராளமாகக் கிடைத்தது. கட்டடங்களின் முன்னால் வண்டி திரும்பும் அளவுக்கு முற்றம் விட்டிருந்தார்கள். பின்னால் வந்த தியேட்டர்காரர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அந்த அகலமான மனைகள்தான். அவற்றின் மதிப்பு ஏறியபோது அதே தியேட்டர்களுக்கு அதுவே வினையாகவும் முடிந்தது.

பழைய கடைகளில் முக்கியமானவை எவை?

சிம்ப்சன் 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியது. மோட்டார் வந்ததும் தொழிலை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. 1903இல் அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்துகாட்டினார். இன்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிபாகமும் சீட் உறையும் விற்கிறார்கள், கொஞ்சம் தள்ளிப் புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்து விற்கிறார்கள் என்றால், வண்டித் தொழில் இந்தப் பக்கம் இறங்கியது அந்தப் பட்டறைக் காலத்திலேயே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்க்வித் 1842இல் தொடங்கிய இசைக்கருவிக் கடை. பியானோவும் ஆர்கனும் விற்றது. பிற்காலத்தில் மியூசி மியூசிகல் என்று பெயர் மாறியது. சென்னையில் மேற்கத்திய இசை படித்த பலருக்கு அது இன்னும் தெரிந்த கடை.

ஹிக்கின்பாதம்ஸ் 1844. இந்தியாவில் இன்றும் இயங்கும் புத்தகக் கடைகளில் மூத்தது. இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1904இல் கட்டியது. கூரை உயரமாக இருப்பதால் கோடையிலும் உள்ளே நின்று நிதானமாகப் புரட்ட முடியும். வாங்காமல் புரட்டியவர்களை அது பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை. பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது. கோபுரக் கடிகாரத்தோடு கூடிய அதன் கட்டடம் 1873இல் எழுந்தது. மெட்ரோ வேலைக்காக அதன் பின்பகுதி இடிபட்டது, முகப்பு தப்பித்தது.

ஒயிட்அவே லெயிட்லா பல்பொருள் அங்காடி 1890களின் இறுதியில் பெரிய கட்டடத்தோடு வந்தது. அந்தக் கட்டடத்தின் பிற்காலம்தான் எனக்குச் சுவாரசியம். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அது ‘விக்டரி ஹவுஸ்’ ஆகி, சுதேசமித்திரன் நாளிதழுக்கு வீடாயிற்று. பிறகு வி.ஜி.பன்னீர்தாஸ் குழுமம் அதை வாங்கியது. ரேடியோவையும் கைக்கடிகாரத்தையும் மின்விசிறியையும் மாதத் தவணையில் விற்றுப் பெயர் வாங்கிய நிறுவனம் அது. துரைமார் ரொக்கம் கொடுத்துச் சீமைச் சாமான் வாங்கிய கூரையின் கீழே, ஒரு தலைமுறை கழித்து குமாஸ்தாக்கள் தவணை அட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

ஸ்பென்சர் உண்மையில் அவ்வளவு பெரிய கடையா?

பெரிய கடைதான். 1863இல் சார்லஸ் டுரான்ட், ஜே.டபிள்யூ.ஸ்பென்சர் என்ற இருவர் தொடங்கினார்கள். அதைச் சாம்ராஜ்யமாக்கியவர் யூஜின் ஓக்‌ஷாட். 1895இல் திறந்த சிவப்புக் கட்டடம், இந்தோ சாரசெனிக் பாணியில், கூரான கோபுரங்களோடு தெருவையே ஆண்டது. ஊசி முதல் சாராயம் வரை எல்லாம் விற்றார்கள். ஆனால் கடை அதன் ஒரு முகம்தான். திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, சோடா, ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகள், சென்னையில் கன்னிமரா, பெங்களூரில் வெஸ்ட் எண்ட், ஊட்டியில் சவாய் ஹோட்டல் என்று ஒரு காலத்தில் பரவியிருந்தது. தெற்கே ரயிலில் போன துரை காலையில் குடித்த தேநீரும் இரவில் பற்றவைத்த சுருட்டும் ஸ்பென்சருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

1980களின் தொடக்கத்தில் பெரும் தீ விபத்தில் அந்தக் கட்டடம் எரிந்தது. அதே மனையில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எழுந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா. 1990களில் வளர்ந்தவர்களுக்கு மால் என்ற சொல் அறிமுகமாகும் முன்பே அந்த இடம் அறிமுகமாகிவிட்டது. ஏ.சி. காற்று வாங்க, நகரும் படிக்கட்டில் ஏறிப் பார்க்க, வாங்கும் உத்தேசமே இல்லாமல் மாலை முழுவதும் சுற்ற அங்கே போனார்கள். பழைய ஸ்பென்சருக்குள் அப்படி ஒருவர் நுழைந்திருந்தால் வாசலிலேயே ஒரு கேள்வி வந்திருக்கும். புதிய கட்டடம் அழகில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அது பழையதைவிடப் பெருந்தன்மையான கட்டடம்.

சென்னையின் முதல் தியேட்டர் 1900இல் மவுண்ட் ரோட்டில் கட்டப்பட்டதாகப் படித்தேன். சரியா?

பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நம்பத் தேவையில்லை. சென்னையில் படம் காட்டுவது 1890களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது உண்மை. ஆனால் அவை விக்டோரியா பொது மண்டபம் போன்ற வாடகை அரங்குகளிலும் கூடாரங்களிலும் நடந்த காட்சிகள். சில நாட்கள் காட்டிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடுவார்கள்.

மிஸ்க்வித் கடை மாடியிலும் ஒரு கூடம் இருந்தது. கீழே பியானோ விற்பனை; மேலே கச்சேரி, நாடகம். லிரிக் என்ற பெயரில் இயங்கிய அந்தக் கூடத்தில் பிறகு படமும் காட்டினார்கள். சினிமா மவுண்ட் ரோட்டுக்குள் நுழைந்தது இப்படி ஒரு கடையின் மாடிப்படி ஏறித்தான்.

சினிமாவுக்கென்றே கட்டப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டர் 1913இல் வந்தது. வார்விக் மேஜர், ரெஜினால்டு அயர் என்ற இருவருடையது. ஐரோப்பியர்கள் மாலை நேரம் கழிக்க வந்த இடம். இரண்டே ஆண்டில், 1915இல், தபால் துறை அதை வாங்கிக்கொண்டது. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் அஞ்சல்தலைப் பிரிவு இயங்கும் சிறிய பழங்கட்டடம் அதுதான். அதன் மதில் பக்கம் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தபால் துறை வாங்கியதால்தான் அது பிழைத்தது என்பது என் எண்ணம். தியேட்டராகவே தொடர்ந்திருந்தால் மற்ற தியேட்டர்களுக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்திருக்கும்.

இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் எது?

பிளாக்கர்ஸ் ரோட்டில் 1914இல் வந்த கெயிட்டி. கட்டியவர் ரகுபதி வெங்கையா நாயுடு. மவுண்ட் ரோட்டில் புகைப்பட ஸ்டுடியோ வைத்திருந்தவர். நல்ல வருமானம் தந்த தொழிலை வைத்துக்கொண்டே, படத்தோடு ஒலியையும் சேர்த்துக் காட்டும் குரோனோமெகாபோன் என்ற கருவியைக் கடன்பட்டு வரவழைத்தார். ஒலித்தட்டும் படமும் சேர்ந்து ஓட வேண்டும். பல நேரம் ஓடாது. அதை எடுத்துக்கொண்டு பர்மா, இலங்கை வரை போய்ப் படம் காட்டினார். திரும்பி வந்து கெயிட்டி, பிறகு தங்கசாலைத் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று கட்டினார். அவர் மகன் ஆர்.எஸ்.பிரகாஷ் வெளிநாட்டில் சினிமா கற்று வந்து மௌனப் படங்கள் எடுத்தார்.

கெயிட்டி இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை நின்றது. கடைசிக் காலத்தில் அங்கே ஓடிய படங்களின் சுவரொட்டியை வீட்டுப் பெரியவர்கள் பார்க்காமல் கடந்து போவார்கள். தொண்ணூறு ஆண்டுகள் ஓடிய தியேட்டர், தென்னிந்திய சினிமாவின் தந்தை என்று போற்றப்படுகிறவர் கட்டியது. 2005 வாக்கில் மூடி இடித்தபோது பெரிய சலசலப்பு ஒன்றும் எழவில்லை. ஆந்திர அரசு அவர் பெயரில் திரைத்துறை விருது ஒன்றை ஏற்படுத்தியது. பிளாக்கர்ஸ் ரோட்டில் ஒரு பலகை வைக்க நமக்குத் தோன்றவில்லை.

எல்பின்ஸ்டன், வெலிங்டன் எல்லாம் தமிழ்ப் படம் காட்டினவா?

எல்பின்ஸ்டன் கல்கத்தாவின் ஜே.எஃப்.மதன் நிறுவனத்தோடு சேர்ந்தது. பெரும்பாலும் ஆங்கிலப் படங்கள். படத்தைவிட அதையொட்டி இருந்த ஐஸ்கிரீம், சோடா கடையைத்தான் அந்தக் காலத்தவர் அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள். வெலிங்டனில் இந்தியப் படங்களுக்கும் இடம் இருந்தது. 1941இல் கட்டப்பட்ட கேசினோ நெடுங்காலம் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வெளியானது மவுண்ட் ரோட்டில் அல்ல; வடசென்னையின் கினிமா சென்ட்ரலில், பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று அறியப்பட்ட அரங்கில். தமிழ் சினிமாவின் சென்னை வீடு முதலில் தங்கசாலைப் பக்கம்தான் இருந்தது. மவுண்ட் ரோட்டில் தமிழ்ப் படம் ஓடுவதே ஒரு கௌரவம் என்ற நிலை மாறி, மவுண்ட் ரோட்டில் ஓடாவிட்டால் படமே வெளியாகாதது போல என்ற நிலை வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

ஹோட்டல்கள்? சிக்கன் 65 இங்கேதான் பிறந்ததா?

அப்படித்தான் புகாரி ஹோட்டல் சொல்கிறது: 1951இல் ஏ.எம்.புகாரி தொடங்கிய ஹோட்டலில் 1965இல் பட்டியலில் ஏறிய பண்டம், ஆகவே அந்தப் பெயர். கோழியின் வயது, மிளகாயின் எண்ணிக்கை, பட்டியலின் வரிசை எண் என்று வேறு கதைகளும் உலவுகின்றன. எல்லாக் கதையிலும் ஹோட்டல் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் புகாரிக்கே விட்டுக்கொடுக்கலாம். இரண்டாம் ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர்களுக்குத் தேநீரும் பிரியாணியும் கிடைத்த இடம் என்ற வகையில் அது தியேட்டர் கதையிலும் சேரும்.

அதற்கு முந்தைய கதை இன்னும் வேடிக்கை. பிளாக்கர்ஸ் ரோடு முனையருகே ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரர் ஆடம்பர ஹோட்டல் நடத்தினார். அவருக்கு விமானப் பைத்தியம். பிரெஞ்சுக்காரர் பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அடங்குவதற்குள், தாமே ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்ப்சன் பட்டறையில் செய்ய வைத்து, 1910இல் பல்லாவரத்தில் பறந்துகாட்டினார். குதிரை வண்டிப் பட்டறையில் விமானம் செய்த ஹோட்டல்காரர்! அந்த ஹோட்டல் பிறகு பொசோட்டோ, ஏர்லைன்ஸ் என்று பெயர் மாறி மாறி வாழ்ந்தது. ஏர்லைன்ஸ் என்ற பெயரை வைத்தவருக்குப் பழைய முதலாளியின் கதை தெரிந்திருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

சாந்தி தியேட்டர் சிவாஜி கட்டியதா?

கட்டியவர் ஜி.உமாபதியும் கூட்டாளியும், சிவாஜி கணேசன் அதை வாங்கிக்கொண்டார். 1961இல் காமராஜர் திறந்துவைத்தார். குளிரூட்டப்பட்ட அரங்கு என்பது அன்று பெரிய செய்தி. உமாபதி அடுத்த ஆண்டே அதே சாலையில் ஆனந்த் தியேட்டரைத் திறந்தார்.

சிவாஜி ரசிகர்களிடம் ‘சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி’ என்று சொன்னால் போதும், முகம் மலரும். அந்தக் காலத்தில் ஒரு படம் சென்னை முழுவதும் மூன்று நான்கு அரங்குகளில் மட்டுமே வெளியாகும். மவுண்ட் ரோட்டில் ஒன்று, வடசென்னையில் ஒன்றிரண்டு, மற்றப் பக்கம் ஒன்று. ஒரு படத்தின் வெற்றி எத்தனை நாள் என்பதில் இருந்ததே தவிர, எத்தனை திரை என்பதில் இல்லை. 1973இல் எம்.ஜி.ஆரின் உலகம் சுற்றும் வாலிபன் தேவி பாரடைஸிலும் வடசென்னை அகஸ்தியாவிலும் ஓடியது. இரு தரப்பு ரசிகர்களும் இந்த நாள்கணக்கை இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். குறுக்கே பேசாதீர்கள்.

சாந்தி 2016இல் மூடப்பட்டது.

சபையர் தியேட்டரைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு உருகுகிறார்கள்?

உருகக் காரணம் இருக்கிறது. 1964இல் திறந்த சபையர் வளாகத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகள். ஒரே கூரையின் கீழ் பல திரை என்பது இந்தியாவுக்கே புதிது. சபையரில் 70 மி.மீ. திரை, கிளியோபாட்ரா படத்தோடு தொடங்கினார்கள்.

ஆனால் நினைவில் நிற்பது பெரிய சபையரைவிடச் சின்ன புளூ டயமண்ட். அங்கே தொடர் காட்சி. காலையில் தொடங்கிய படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். டிக்கெட்டுக்கு ஆட்ட நேரம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், பாதியிலிருந்து பார்க்கலாம், விட்ட பாதியை அடுத்த சுற்றில் பார்க்கலாம், எழுந்து போகச் சொல்ல ஆளில்லை. இதன் பயனை யார் யார் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள்: கல்லூரிக்குப் போகாத மாணவர்கள், வெயிலில் அலைந்த விற்பனைப் பிரதிநிதிகள், ரயிலுக்கு ஆறு மணி நேரம் மிச்சமிருந்த வெளியூர்க்காரர்கள், உட்கார்ந்து பேச இடமில்லாத காதலர்கள். ஒரு டிக்கெட் விலைக்கு மே மாதத்துச் சென்னையில் நாள் முழுவதும் ஏ.சி. சிலர் படத்தின் முடிவை முதலிலும் தொடக்கத்தைக் கடைசியிலும் பார்த்ததால் அந்தப் படங்களை அப்படியே நினைவு வைத்திருக்கிறார்கள்.

வணிகமாகப் பார்த்தால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பகல் காட்சிக்குக் காலியாகக் கிடக்கும் நாற்காலியை, படம் பார்க்க வராதவனுக்கும் விற்றார்கள். 1990களில் சபையர் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த மனை அதன்பின் நெடுங்காலம் வெற்றிடமாகவே கிடந்தது. இடித்ததைவிட அதுதான் கூடுதல் எரிச்சல்.

தேவி மட்டும் எப்படித் தப்பித்தது?

1970இல் திறந்த வளாகத்தில் நான்கு அரங்கு: தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா. பெரிய படத்துக்குப் பெரிய அரங்கு, ஓடித் தேய்ந்த படத்துக்குச் சின்ன அரங்கு என்று மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஆயிரம் நாற்காலி வைத்த ஒற்றைத் திரை தியேட்டர்களுக்கு அந்த வசதி இல்லை. தேவி பாரடைஸுக்குப் படிக்கட்டு இல்லாமல் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை இருக்கிறது. முதல் முறை ஏறும் குழந்தைகளுக்குப் படத்தைவிட அதுதான் பிடிக்கும். ராயப்பேட்டையில் 1974இல் வந்த சத்யமும் பல திரை வளாகம்தான், அதுவும் நிலைத்தது. சபையருக்கும் மூன்று திரை இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. திரை எண்ணிக்கை ஒரு காரணம்தான். நில உரிமையாளரின் மனசு இன்னொன்று.

மீரான் சாகிப் தெருவுக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு?

படம் எடுப்பது கோடம்பாக்கம். படத்தை விற்பது மீரான் சாகிப் தெரு. விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் அந்தக் குறுகிய தெருவிலும் சுற்றுப்புறத்திலும் அடைத்துக்கொண்டிருந்தன. செங்கல்பட்டு ஏரியா, மதுரை ஏரியா, கோவை ஏரியா என்று உரிமை கைமாறியது இங்கே. திருநெல்வேலிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் முதலாளி சென்னை வந்தால் எழும்பூரில் இறங்கி, நேரே இங்கே வந்து, பேரம் பேசி, பெட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போவார். பிலிம் பெட்டியே இல்லாத காலம் வந்ததும் தெருவின் அந்த வேலை சுருங்கிவிட்டது.

ரிச்சி தெரு இதற்கு நேர்மாறு. ரேடியோ உதிரிபாகத்தில் தொடங்கி, டேப் ரெக்கார்டர், டி.வி., கணினி, செல்போன் என்று ஒவ்வொரு சாமானும் செத்த பிறகு அடுத்ததற்குத் தாவிவிட்டது. கடையின் அகலம் ஆறடிதான்; அதனால் மாறுவது சுலபம்.

எல்.ஐ.சி. கட்டடம் கடையும் இல்லை, தியேட்டரும் இல்லை. அது ஏன் இந்தக் கதையில்?

வெளியூர்க்காரர்களுக்கு அது முதல் தரமான பொழுதுபோக்கு, டிக்கெட்டும் இல்லை. எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் திட்டமிடப்பட்டது. அவர் 1954இல் விமான விபத்தில் இறந்தார். காப்பீடு தேசியமயமான பிறகு 1959இல் எல்.ஐ.சி.யின் கட்டடமாகத் திறந்தது. 177 அடி, அப்போது நாட்டிலேயே உயரமானது. கழுத்து வலிக்க நின்று மாடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய், சென்னையைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னவர்கள் ஏராளம். தமிழ் சினிமாவிலும், கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல இதைக் காட்டினால் போதும்.

இத்தனை தியேட்டர்கள் ஏன் போயின? டி.வி.தானே காரணம்?

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது. அடுத்து வீடியோ கேசட், அதற்கடுத்து கேபிள். கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் டி.வி. வந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் வரை பெரும்பாலான அரங்குகள் ஓடின. எல்பின்ஸ்டனோ 1970களிலேயே போய்விட்டது, அதற்கு டி.வி.யைக் குற்றம் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. கேளிக்கை வரி தனி. வருமானத்துக்குக் கூரை உண்டு. நில விலைக்குக் கூரை கிடையாது. ஆயிரம் பேர் அமரும் அரங்கு, முன்னால் கார் நிறுத்தும் முற்றம், பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு என்று ஏக்கர் கணக்கில் மனையை வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு ஆட்டம் ஓட்டுவதைவிட, அதே மனையில் எட்டு மாடி எழுப்பி வாடகைக்கு விடுவது லாபம். எந்த வாரிசுக்கும் இந்தக் கணக்கு ஒருநாள் புரிந்துவிடும்.

அதற்கு முந்தைய காலத்திலும் தொழில்கள் அழிந்தன. ஆனால் அடுத்த தொழில் பழைய கட்டடத்துக்குள்ளேயே குடிவந்தது. தியேட்டரில் தபால், பல்பொருள் அங்காடியில் பத்திரிகை, பிறகு தவணைக்கடை. 1970களுக்குப் பிறகு அந்த வழக்கம் முறிந்தது. புதுத் தொழில் வர வேண்டுமானால் பழைய சுவர் போயாக வேண்டும் என்றாகிவிட்டது. மவுண்ட் ரோட்டின் கதையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் நான் சுதந்திரத்தில் பிரிக்க மாட்டேன். இங்கேதான் கோடு போடுவேன்.

அவற்றின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா காம்ப்ளெக்ஸ். வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா, பெயரையாவது விட்டுவைத்தார்கள். ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் வணிக வளாகமும் குடியிருப்பும். பக்கத்து மேம்பாலத்தின் அரசுப் பெயர் அண்ணா மேம்பாலம், 1973இல் திறந்தது. ஆட்டோக்காரரிடம் ஜெமினி என்றுதான் சொல்ல வேண்டும். ஒயிட்ஸ் ரோட்டில் பழைய மெட்ராஸ் கிளப் வளாகம், பிறகு இந்தியன் எக்ஸ்பிரஸ், தினமணி அச்சான எக்ஸ்பிரஸ் எஸ்டேட், 2010 முதல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். உள்ளே தியேட்டரும் உண்டு.

பழைய கட்டடம் எதையாவது போராடிக் காப்பாற்றியிருக்கிறார்களா?

ஒன்றைச் சொல்லலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருக்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், 1897இல் டபிள்யூ.இ.ஸ்மித் மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. 1930களில் பாரத் காப்பீட்டு நிறுவனத்திடமும் பிறகு எல்.ஐ.சி.யிடமும் வந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போய்த் தடுத்தது. இடிபடவில்லை, சீராக்கப்படவும் இல்லை. செடி முளைத்த கோபுரங்களோடு பல ஆண்டுகள் அப்படியே நின்றது. நீதிமன்றத்தால் சுத்தியலை நிறுத்த முடியும். கொத்தனாரை அனுப்ப முடியாது.

ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டுமானால்?

மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்குங்கள். 2019இல் இந்தப் பாதை திறந்த பிறகு இதுதான் வசதி. வார நாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தபால் நிலையத்து அஞ்சல்தலைப் பிரிவு திறந்திருக்காது, எலெக்ட்ரிக் தியேட்டரை வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருக்கும். ஹிக்கின்பாதம்ஸ், அண்ணா சிலை, பி.ஆர் அண்ட் சன்ஸ், பாரத் இன்ஷூரன்ஸ், எல்.ஐ.சி., ஸ்பென்சர் எல்லாம் நடக்கும் தூரம்தான். நவராத்திரி சமயமானால் பூம்புகார் கைவினைப்பொருள் கடையில் கொலு பொம்மைகள் பார்க்கலாம். ரிச்சி தெருவை மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், நடக்க இடமிருக்காது. கடைசியில் தேவியிலோ கேசினோவிலோ ஓடும் படத்துக்குப் போங்கள். வார நாள் பகல் காட்சிக்கு பெரும்பாலும் கவுண்டரிலேயே டிக்கெட் கிடைக்கும்.